மூக்குக் குழாய்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

பக்கவாதத்தால் விழுங்க முடியாமல் போனவரை, மூக்கில் ரைல்ஸ் டியூப் போட்டு வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அன்றிலிருந்து ஊட்டுவதும் காவல் காப்பதும் வீட்டார் பொறுப்பு. யார் யாரோ சொன்ன நம்பிக்கைகளும் கூடவே வீட்டுக்கு வந்துவிடுகின்றன.

“குழாய் வழியாகத்தானே போகிறது, புரையேறாது.”

இருப்பதிலேயே ஆபத்தான நம்பிக்கை இதுதான். குழாயின் நுனி இரைப்பையில் இருந்தாலும், உள்ளே போன கஞ்சி எதுக்களித்து மேலே வரலாம். அது நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா. அதனால் படுத்த நிலையில் ஊட்டவே கூடாது. தலைமாட்டை 30 முதல் 45 டிகிரி உயர்த்துங்கள். ஊட்டி முடித்த பிறகும் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அப்படியே இருக்கட்டும். தலைக்கடியில் மட்டும் தலையணை அடுக்கினால் கழுத்துதான் மடங்கும். உடம்பு இடுப்பிலிருந்து உயர வேண்டும். சிரிஞ்சை அழுத்தித் தள்ளாமல், உயர்த்திப் பிடித்து உணவைத் தானாக இறங்க விடுங்கள்.

“வாயால் சாப்பிடாதவருக்குப் பல் எதற்குத் துலக்க வேண்டும்?”

சாப்பிடாத வாய் வறண்டு போகும். அங்கே கிருமிகள் பெருகும். அந்தக் கிருமிகள் கலந்த எச்சில்தான் தூக்கத்தில் சிறிது சிறிதாக நுரையீரலுக்குள் கசிகிறது. காலையும் இரவும் மென்மையான பிரஷ்ஷால் பல்லையும் நாக்கையும் சுத்தம் செய்து, தண்ணீர் தேங்காமல் துடைத்தெடுங்கள். ஊட்டுவதற்குச் சமமான வேலை இது என்றே சொல்வேன்.

“காற்றடித்து வயிற்றில் சத்தம் கேட்டால் குழாய் சரியாக இருக்கிறது.”

நர்சுகளுக்கே நெடுங்காலம் கற்றுத்தந்த முறை இது. ஆனால் குழாய் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் அதே சத்தம் வயிற்றில் கேட்கக்கூடும். குழாய் போட்டதும் எக்ஸ்ரே எடுப்பதே உறுதியான வழி. குழாயிலிருந்து உறிஞ்சிய நீரை பிஎச் தாளில் சோதித்து, 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டுகிறதா என்றும் பார்ப்பார்கள். வீட்டில் நீங்கள் செய்யக்கூடியது: மூக்கருகே குழாயில் இருக்கும் அளவுக்குறி நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள், டார்ச் அடித்து, வாய்க்குள் குழாய் சுருண்டிருக்கிறதா என்றும் பாருங்கள். குறி நகர்ந்திருந்தாலோ, இருமலோ மூச்சுத் திணறலோ இருந்தாலோ ஊட்டாதீர்கள், மருத்துவமனையைக் கேளுங்கள்.

மாத்திரைகளை எல்லாம் ஒன்றாகப் பொடித்துக் கஞ்சியில் கலப்பவர்கள் உண்டு. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளைப் பொடித்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக உடம்பில் சேரும். எதைப் பொடிக்கலாம் என்று மருத்துவரிடம் கேட்டு, ஒவ்வொன்றாகக் கரைத்துக் கொடுங்கள். இடையிடையே தண்ணீர் விடுங்கள். ஊட்டும் முன்னும் பின்னும் சுமார் 30 மில்லி தண்ணீர் விட்டால் குழாய் அடைக்காது. அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான நீர் போதும். கம்பியோ குளிர்பானமோ வேண்டாம்.

“வயிற்றில் போட்ட குழாய் கழன்றால் காலையில் பார்த்துக்கொள்ளலாம்.”

சிலருக்கு மூக்குக்குப் பதிலாக வயிற்றில் துளையிட்டு இரைப்பைக்கே குழாய் போட்டிருப்பார்கள். அது கழன்றால், அந்தத் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கிவிடும். குழாய் போட்டுச் சில வாரங்களே ஆகியிருந்தால், நீங்களே திரும்பச் செருகுவது அதைவிட ஆபத்து. குழாய் இரைப்பைக்கு வெளியே வயிற்றறைக்குள் போய்விடலாம். துளையைச் சுத்தமான துணியால் மூடி, கழன்ற குழாயையும் எடுத்துக்கொண்டு அந்த இரவே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.