பாக்கா குழந்தையின் முதல் வகுப்பு

மாணவர் ஒருவர் வகுப்பில் வாய் திறப்பதே இல்லை என்றால், அவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவு செய்துவிடலாமா? ஆப்பிரிக்காவின் பாக்கா குழந்தைகளைப் பற்றி அறிந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

கேமரூன் நாட்டின் தென்கிழக்கிலும், அதையொட்டிய காபோன், காங்கோ நாடுகளின் வடபகுதிகளிலும் உள்ள மழைக்காடுகளில் பாக்கா மக்கள் வாழ்கின்றனர். வேட்டையாடுதல், தேன் எடுத்தல், கிழங்கு அகழ்தல், மீன் பிடித்தல் ஆகியவை இவர்களின் மரபுத் தொழில்கள். வளைத்த கழிகளின்மேல் அகன்ற இலைகளை வேய்ந்து பெண்கள் அமைக்கும் குடிலுக்கு ‘மொங்குலு’ என்று பெயர். இன்று பலர் சாலையோரங்களில் குடியமர்ந்து பயிரும் செய்கின்றனர்.

இவர்களின் மொழி வியப்புக்குரியது. சுற்றிலும் வாழும் உழவர்கள் பெரும்பாலும் பாண்டு மொழிகளைப் பேசுகின்றனர். பாக்கா மொழியோ உபாங்கி என்னும் வேறு குழுவைச் சேர்ந்தது. இவர்களைப் போலவே காட்டை நம்பி வாழும் அக்கா மக்கள் பேசுவதும் பாண்டு மொழியே. ஆயினும் பாக்கா, அக்கா மொழிகளில் பொதுச்சொற்கள் பல உள்ளன. அவற்றுள் பெரும்பாலானவை மரம், விலங்கு, தேன், கருவி பற்றியவை. இதைக் கொண்டு, இவ்விரு மக்களும் முன்னொரு காலத்தில் ஒரே சமூகமாக இருந்திருக்க வேண்டும் என்று பிரெஞ்சு ஆய்வாளர் செர்ஜ் பாயூஷே கருதினார். எழுதப்படாத வரலாற்றைச் சொற்கள் காத்து வைத்துள்ளன.

இத்தகைய சொல்வளத்துடன் வரும் குழந்தை, பள்ளியில் முதல் நாளே பிரெஞ்சு மொழியை எதிர்கொள்கிறது. காட்டில் மரங்களைப் பெயர் சொல்லி அழைக்கும் குழந்தை இங்கே ஊமையாகிவிடுகிறது.

இக்குறையைப் போக்க, கேமரூனில் சில கிறித்தவ நிறுவனங்கள் ‘ஓரா’ முறையில் ஆயத்த வகுப்புகளை நடத்தின. ‘உற்றுநோக்கு, சிந்தி, செயல்படு’ என்பதே அதன் பொருள். பாடம் பாக்கா மொழியில் தொடங்கும். பிரெஞ்சு படிப்படியாகச் சேரும். பின்னர்க் குழந்தை பொதுப்பள்ளிக்குச் செல்லும். ஆயினும் அங்கே சென்றபின் படிப்பை விடுவோர் பலர். குடும்பம் காட்டுக்குச் செல்லும் பருவங்களைப் பள்ளி நாட்காட்டி கணக்கில் கொள்வதில்லை. வறுமையும் பிற மாணவர்களின் ஏளனமும் உடன் சேர்கின்றன. தாய்மொழி கதவைத் திறக்கும். குழந்தை உள்ளே தங்குவதற்குப் பள்ளியும் மாற வேண்டும்.

நம் வகுப்பிலும் வீட்டில் வேறு மொழி பேசும் குழந்தை இருக்கலாம். நாளைய பாடத்தில் வரும் ஒரு செடியையோ பறவையையோ காட்டி, “உங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வீர்கள்?” என்று கேட்போம். அச்சொல்லைக் கரும்பலகையில் எழுதுவோம். அந்த மௌனம் அங்கே கலையக்கூடும்.