இறுகிய போல்ட்டும் இரும்பின் துருவும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., வேதியியல்

முன்னுரை

காற்றும் நீரும் சேர்ந்திருக்கும் சோதனைக் குழாயில் மட்டுமே இரும்பாணி துருப்பிடிக்கும் என்பதைப் பள்ளி நாளிலேயே நாம் கற்றிருக்கிறோம். அந்த ஆணியைச் சுரண்டினால் துரு உதிர்ந்துவிடும். ஆனால் அதே துரு, விரல் நுழையாத ஓர் இடுக்கில் இருபது முப்பது ஆண்டுகள் தங்கினால், வலுவான எஃகு போல்ட்டையும் அசைக்க முடியாதபடி பிடித்துக்கொள்ளும். இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு, இங்கிலாந்தில் ஓடும் பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் சஸ்பென்ஷன் போல்ட்டுகளாகும். அவற்றுள் மாஸ்டா எம்.எக்ஸ்-5 என்ற காரைக் கொண்டு இதனை ஆராய்வோம்.

காரின் அமைப்பு

ஜப்பானியத் தயாரிப்பான இந்தக் கார் 1989-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாயிற்று. இருவர் மட்டுமே அமரக்கூடிய இக்கார் 2016-ஆம் ஆண்டிற்குள் பத்து லட்சத்தைத் தாண்டி விற்பனைக்கு வந்தது. இதன் முதல் வகை 1997 வரை தயாரிக்கப்பட்டது.

இதன் நான்கு சக்கரங்களும் மேலொன்றும் கீழொன்றுமாக இரண்டு எஃகுக் கைகளால் தாங்கப்படுகின்றன. மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது இக்கைகளும் ஏறி இறங்கும். கைகளின் முனைகளில் ரப்பர் புஷ்கள் உண்டு. ஒவ்வொரு புஷ்ஷின் நடுவிலும் எஃகாலான உள்குழல் ஒன்று இருக்கும். போல்ட் அந்தக் குழலின் வழியே செல்கிறது.

இங்கு ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். போல்ட்டை முடுக்கியதும் உள்குழல் இரு பக்கமும் நெருக்கப்பட்டு அசையாமல் நின்றுவிடும். கை அசைவது ரப்பர் முறுக்கிக்கொள்வதனால்தான். ஆகவே போல்ட்டும் குழலும் ஆண்டுக்கணக்கில் ஒன்றையொன்று சிறிதும் உரசுவதில்லை. கலைப்பார் இல்லாத இடத்தில் துரு நிம்மதியாக வளர்கிறது. பின்சக்கரத் தாங்கியைக் கீழ்க்கையோடு இணைக்கும் நீண்ட போல்ட் இவ்வகையில் பெயர் பெற்றது.

துரு செய்யும் வேலை

குளிர்காலத்தில் இங்கிலாந்தின் சாலைகளில் பனி உறையாதிருக்க உப்பைத் தூவுவார்கள். உப்புக் கரைசலின் உறைநிலை சுழிக்குக் கீழ் 21 டிகிரி வரை இறங்கக்கூடும். சாலைக்கு இது நன்மை, காருக்குத் தீமை. சக்கரம் வாரியடிக்கும் உப்புநீர் போல்ட்டுக்கும் குழலுக்கும் இடையே புகுந்துவிடுகிறது.

உப்புநீர் சிறந்த மின்பகுளி. இடுக்கின் உட்பகுதியில் ஆக்சிஜன் விரைவில் தீர்ந்துவிடும். வாயிலில் அது தொடர்ந்து கிடைக்கும். இந்த வேறுபாட்டினால் உட்பகுதி நேர்மின்வாயாகி, அங்குள்ள இரும்பு அயனிகளாகக் கரைகிறது. குளோரைடு அயனிகளும் உள்ளே ஈர்க்கப்பட்டு அங்குள்ள நீர் அமிலத்தன்மை அடைகிறது. அரிமானம் மேலும் விரைவடைகிறது.

உண்டாகும் துரு, தான் தோன்றிய இரும்பைப்போல் இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட இடத்தை அடைக்கும். குழலுக்குள் அதற்கு இடமேது? எனவே அது போல்ட்டையும் குழலையும் எதிரெதிரே நெருக்கி ஆப்பு அடித்ததுபோல் நின்றுவிடுகிறது.

பிடி எங்கே?

போல்ட் வரவில்லை என்றதும் நீண்ட குழாயை ஸ்பேனரில் மாட்டி இழுப்பதே பலருக்கும் தோன்றும். 1 மீட்டர் குழாயின் முனையில் 30 கிலோ எடைக்கு நிகரான விசை கொடுத்தால் திருப்புத்திறன் சுமார் 300 நியூட்டன்-மீட்டர் ஆகும். 12 மி.மீ. விட்டமும் 8.8 தரமும் உடைய போல்ட்டின் மரைப்பகுதியை முறிக்க இது தாராளமாகப் போதும். ஆகவே இழுக்குமுன் பிடி எங்கே என்று அறிய வேண்டும். அதற்குப் போல்ட்டே விடை சொல்லும்.

முதலாவது, நட் சிறிதும் அசையாவிட்டால் பிடி மரையில் இருக்கிறது. நட் விலை குறைந்த பொருள். அதைப் பிளந்து எடுத்துவிடலாம்.

இரண்டாவது, நட் கழன்ற பின் போல்ட்டின் தலை சிறிது திரும்பி, விட்டவுடன் பழைய இடத்திற்கே மீண்டால் பிடி உள்குழலில் இருக்கிறது. மீளச் செய்வது ரப்பராகும். இதற்கு மேல் திருகினால் ரப்பர் கிழியுமேயன்றிப் போல்ட் விடுபடாது.

மூன்றாவது, தலை தாராளமாகச் சுற்றியும் போல்ட் வெளிவராவிட்டால் ரப்பர் முன்பே கிழிந்துவிட்டது. போல்ட்டும் குழலும் ஒன்றாகச் சுழல்கின்றன என்று கொள்ளலாம்.

எண்ணெய், அடி, வெப்பம்

வேலை தொடங்குமுன் காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்தாமல் உறுதியான தாங்கிகளின்மேல் நிறுத்த வேண்டும். கண்ணாடி அணிவதும் இன்றியமையாதது.

எண்ணெய் நுண்புழைக் கவர்ச்சியால் இடுக்கில் நுழைகிறது. வாயிலில் உள்ள துருவைக் கம்பிப் பிரஷால் நீக்கியபின், சில நாட்கள் விட்டுவிட்டு எண்ணெய் இட வேண்டும். எல்லோரும் அறிந்த டபிள்யூ.டி.-40 முதன்முதலில் 1953-இல் நீரை விலக்கித் துருவைத் தடுப்பதற்காக உருவாக்கப்பட்டது. இறுகிய போல்ட்டுக்கென்றே செய்யப்படும் ஊடுருவும் எண்ணெய்கள் இவ்வேலைக்கு மேலானவை.

துரு அழுத்தத்தைத் தாங்கும். ஆனால் எளிதில் நொறுங்கும் இயல்புடையது. எஃகோ அதிர்ச்சியைத் தாங்கவல்லது. எனவே மெல்ல இழுப்பதைவிடச் சுத்தியலின் அடி துருவில் விரிசலை உண்டாக்கும். அவ்விரிசலில் எண்ணெய் மேலும் புகும். அடிக்குமுன் நட்டைப் போல்ட்டின் முனை மட்டத்திற்குத் திருகி வைத்தால் மரை சிதையாது.

வெப்பத்திற்கும் கணக்கு உண்டு. எஃகின் நீள் விரிவெண் டிகிரிக்குச் சுமார் பத்து லட்சத்தில் 12 பங்கு. 12 மி.மீ. விட்டமுள்ள துளையை 300 டிகிரி சூடேற்றினால் அது ஏறத்தாழ 0.04 மி.மீ. மட்டுமே விரியும். துருவின் பிடியைத் தளர்த்த இதுவே போதும். ஆனால் போல்ட்டும் உடன் சூடேறினால் அப்பயன் குறைந்துவிடும். மேலும் புஷ்ஷில் குழலைச் சுற்றி ரப்பர் இருப்பதால் சுடர் அதை எரித்துவிடும், அப்புகை நஞ்சு. இக்காரின் பெட்ரோல் தொட்டி இருக்கைகளுக்குப் பின்னே உள்ளது. ஆதலால் பின்பக்கத்தில் சுடரைக் கொண்டுசெல்வது ஆபத்தானது. பிரேக் குழாயும் எண்ணெய் இட்ட இடமும் அருகிலிருந்தால் சுடரை அறவே தவிர்க்க வேண்டும்.

அறுப்பதும் ஒரு வழியே

இவை எதற்கும் இணங்காவிட்டால் போல்ட்டை அறுத்துவிடுவதே அறிவுடைமை. மின்வாளின் மெல்லிய பிளேடைப் புஷ்ஷுக்கும் அதன் பக்கத் தகட்டுக்கும் இடையே செலுத்தி இருபுறமும் அறுத்தால் கை தனியே வந்துவிடும். பின்னர் மேசைமேல் வைத்துப் பழைய புஷ்ஷை அழுத்தி வெளியேற்றலாம். போல்ட்டும் புஷ்ஷும் மாற்றக்கூடியவை. ஆனால் பிடிவாதமாக அடித்து ஒரு கை வளைந்துவிட்டால், அல்லது அதன் பற்றவைப்பில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்துவிட்டால், இழப்பு பெரிது. அந்தக் கையை நம்பித்தான் இருவர் நெடுஞ்சாலையில் விரைகின்றனர்.

மீண்டும் பூட்டுகையில்

புதிய போல்ட் பழையதன் தரத்திற்குக் குறையலாகாது. 8.8 எனத் தலையில் பொறித்திருந்தால் அதன் இழுவலிமை 800 மெகாபாஸ்கல் என்று பொருள். துருப்பிடிக்காது என்று கருதிச் சாதாரண ஏ2-70 எவர்சில்வர் போல்ட்டைப் போடுவது தவறு. அதன் இழுவலிமை 700 மட்டுமே.

குழலுக்குள் செல்லும் தண்டுப் பகுதியில் துருத்தடுப்புக் கிரீஸை மெல்லப் பூச வேண்டும். மரையில் பூசினால் உராய்வு குறைந்து, அதே திருப்புத்திறனில் போல்ட் அளவுக்கு மீறி இழுபடும். கடைசி முடுக்கலைச் சக்கரங்கள் தரையில் நின்று, காரின் எடை அவற்றின்மேல் இருக்கும்போதே செய்ய வேண்டும். தொங்கும் நிலையில் முடுக்கினால், கார் இறங்கியதும் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து விரைவில் கிழியும். கீழ்க்கைகளின் உள்முனைப் போல்ட்டுகள் சக்கரத்தின் சாய்வையும் திசையையும் நிர்ணயிப்பவை. ஆகவே கழற்றுமுன் அவற்றின் நிலையைக் குறித்துக்கொண்டு, முடிவில் சக்கர நேர்மையைச் சரிபார்க்க வேண்டும்.

முடிவுரை

ஒரு போல்ட்டைக் கழற்றும் சிறு வேலையில் மின்வேதியியலும் வெப்ப விரிவும் திருப்புத்திறனும் ஒருங்கே வந்து நிற்கின்றன. இவற்றை நாம் தனித்தனிப் பாடங்களாகப் படித்துத் தேர்வு எழுதுகிறோம். அனுபவமுள்ள மெக்கானிக் இவற்றைப் பெயர் சொல்லாமலே கையால் அறிந்திருக்கிறார். தலை மீண்டு வருவதைக் கையில் உணர்ந்ததும் ஸ்பேனரைக் கீழே வைப்பதே அவருடைய திறமை. மாணவ நண்பர்களே, விசையைக் கூட்டுமுன் பிடி எங்கே என்று கேட்கும் அந்தப் பழக்கத்தை நாமும் கற்றுக்கொள்வோமாக!