சிங்குக்குக் கீழே குப்பைத் தொட்டி வேண்டாம்

கேள்வி: புது வீட்டில் மாடுலர் கிச்சன் போட்டிருக்கிறோம். குப்பைத் தொட்டி வெளியே தெரியக்கூடாது என்று சிங்குக்குக் கீழே அலமாரிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். கதவைத் திறந்தாலே வாடை, பொடிப் பூச்சிகள் வேறு. ஃபினாயில் போட்டுத் துடைத்தும் போகவில்லை. என்ன செய்யலாம்? - வாசகி, தாம்பரம்

பதில்: தொட்டியை முதலில் அங்கிருந்து எடுத்துவிடுங்கள், அம்மா. ஈரமும் வெக்கையும் அடைசலும் ஒன்றாகச் சேரும் இடம் அது. காற்றுப் படாத ஈரக்குப்பை அழுகி நாறத்தான் செய்யும். ஃபினாயில் அதைக் கொஞ்ச நேரம் அமுக்கும், அவ்வளவுதான். நீங்கள் சொல்லும் பூச்சிகள் பழ ஈக்களாக இருக்கும். நம் ஊர் வெக்கையில் முட்டை ஈயாக மாற ஏறக்குறைய 10 நாள் போதும். மூடி விளிம்பில் ஒட்டிய வாழைப்பழத் துணுக்கே அவற்றுக்குத் தாராளம்.

வாடைக்குக் காரணம் குப்பையைவிட அதிலுள்ள தண்ணீர். டீத்தூள், முருங்கைக்காய்ச் சக்கை, காய்கறித் தோல் எல்லாவற்றையும் சிங்க் மூலையில் ஓட்டைக் கூடை வைத்து வடியவிடுங்கள். வடிந்ததைப் பழைய செய்தித்தாள் விரித்த சின்னத் தொட்டியில் போட்டு, காற்றோட்டமான இடத்தில், ஜன்னல் பக்கமோ சர்வீஸ் பால்கனியிலோ வையுங்கள். நாலு பேர் வீட்டுக்கு 5 லிட்டர் தொட்டி போதும். பெரிய தொட்டி வாங்கினால் நிரம்பட்டும் என்று இரண்டு நாள் விட்டுவிடுவோம். தினமும் காலையில் கொட்டிக் கழுவி, கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். மீன், கோழிக் கழிவை டப்பாவில் மூடி ஃப்ரீசரில் வைத்து, வண்டி வரும்போது எடுத்துக் கொடுங்கள்.

உலர்குப்பைக்கு இழுப்பறை தாராளமாகப் போதும், அது நாறாது. பால் கவரின் முனையைத் துண்டாக வெட்டி எறியாமல், ஒட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டுங்கள். அந்தத் துணுக்கை யாராலும் பொறுக்க முடியாது. கவரை அலசிக் காயவைத்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.

பேட்டரி, பல்பு, காலாவதி மாத்திரை போன்ற ஆபத்தான கழிவைத் தனியாகத் தர வேண்டும் என்பது 2016-லேயே வந்த மத்திய அரசு விதி. நாப்கினையும் உடைந்த கண்ணாடியையும் காகிதத்தில் நன்றாகச் சுற்றி, மேலே எழுதிக் கொடுங்கள். நம் குப்பையைப் பிரிப்பது ஒரு தூய்மைப் பணியாளரின் கை. அழகான சமையலறை கட்டித் தரும் பலர் அந்தக் கையை நினைப்பதே இல்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

தொட்டியை எடுத்த பிறகு, அலமாரியின் அடிப்பலகையைத் தடவிப் பாருங்கள். பிளைவுட் உப்பியிருந்தால் சிங்க் குழாய் கசிகிறது என்று பொருள். அப்படியானால் தொட்டியை மாற்றினாலும் வாடை போகாது. முதலில் பிளம்பரை வரச் சொல்லுங்கள்.