மாத்திரையா, முருங்கைக்கீரையா?



உங்களில் சிலர் அன்போடு வைட்டமின் மாத்திரைப் புட்டிகளை அனுப்பி, "இவற்றை நோயாளிகள் எல்லாருக்கும் கொடுக்கலாமா?" என்று கேட்கிறீர்கள். மருந்து எழுதுவது மருத்துவர்களின் வேலை. நோயாளிகளின் அருகில் உட்கார்ந்து பேசுவதே எங்கள் ஊழியம். ஆனாலும் மாமல்லபுரம் பக்கத்துக் குப்பங்களிலிருந்து வரும் தாய்மார், வந்த மீனையெல்லாம் விற்று டானிக் வாங்கிவிட்டு, பிள்ளைக்குச் சோறும் ரசமும் மட்டும் கொடுப்பதாகச் சொல்லக் கேட்கையில், இதைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்கள் முன்னின்று திருச்சி மாவட்டத்தில் நடத்திய ஓர் ஆய்வு 1990-இல் வெளியானது. வைட்டமின் ஏ குறைவு மிகுந்த கிராமங்களில் 15,419 சிறு பிள்ளைகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் வாரந்தோறும் வைட்டமின் ஏ கொடுத்தார்கள். அந்தப் பிரிவில் மரணங்கள் பாதிக்கும் கீழே குறைந்தன. கொடுத்த அளவு வாரத்துக்கு 8,333 யூனிட். அதாவது ஒரு பிள்ளை தன் சாப்பாட்டிலிருந்தே பெறக்கூடிய அளவு. பெரிய மருந்து எதுவும் அல்ல. கீரையும் முட்டையும் பாலும் செய்திருக்க வேண்டிய வேலையைத்தான் அந்தச் சொட்டு செய்தது.

அப்படியானால் அதிகம் கொடுத்தால் அதிக நன்மை உண்டாகுமா? பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த பரிசோதனையின் முடிவு 1994-இல் வெளிவந்தது. காய்கறி நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவு என்று கண்டிருந்ததால், கேரட்டில் உள்ள பீட்டா கரோட்டீனைத் தனியே மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தார்கள். மாத்திரை தின்றவர்களிடம் அந்தப் புற்றுநோய் 18 சதவீதம் கூடுதலாக வந்தது! கேரட் வேறு, கேரட்டிலிருந்து பிரித்தெடுத்த ஒரு பொருள் வேறு.

வைட்டமின் ஏ ஈரலில் தங்கிவிடுவது. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். கர்ப்ப காலத்தில் கருவின் உருவத்தையே பாதிக்கும். முருங்கைக்கீரையில் இந்த அபாயம் இல்லை. அதில் இருப்பது பீட்டா கரோட்டீன். சரீரம் தனக்கு வேண்டிய மட்டும் அதை வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். ஒரு கரண்டி எண்ணெய் விட்டுத் தாளித்தால் நன்றாகச் சேரும். நெத்திலியை முள்ளோடு தின்றால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கிறது. செங்கல்பட்டுப் பக்கத்துப் புழுங்கலரிசியையும் சொல்ல வேண்டும். நெல்லை அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 அரிசிக்குள் இறங்குகிறது. பழைய சென்னை மாகாணத்தில் தீட்டிய பச்சரிசி உண்ட வடகடலோர மாவட்டங்களில் பெரிபெரி நோய் வாட்டியபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்கள் பெரும்பாலும் தப்பின.

இதனால் மாத்திரையே வேண்டாம் என்று யாரும் எண்ண வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கும் இரும்பு, போலிக் அமில மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது. ஒன்பதாம் மாதம் முதல் ஐந்து வயது வரை கொடுக்கும் வைட்டமின் ஏ திரவமும் அப்படியே. காசநோய்க்கு ஐசோநையாசிட் எடுக்கிறவர்களுக்கு நரம்பு கெடாதிருக்க பி6 வேண்டும். தானியேலின் பருப்பை உதாரணம் காட்டிச் சைவம் பேசும் நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை: பருப்பில் பி12 கிடையாது. லெந்து நாட்களில் மட்டும் மாமிசம் விலக்குகிறவர்கள் அஞ்ச வேண்டாம். ஈரலில் ஆண்டுக்கணக்கான இருப்பு உண்டு. பால்கூடச் சேர்க்காத முதியவர்கள் மருத்துவரைக் கேட்பது நல்லது.

நீங்கள் அனுப்பிய புட்டிகள் மருந்தகத்தில் இருக்கின்றன. மருத்துவர் பெயர் எழுதிக் கொடுப்பவர்களுக்கு மட்டுமே அவை போகும். இனி அனுப்ப விரும்புகிறவர்கள் அந்த விலைக்கு முட்டையும் பாசிப்பயறும் அனுப்பலாம். பிள்ளைகள் வார்டின் சமையலறையில் இரண்டுக்கும் தினமும் தேவை இருக்கிறது.