பாகு வைக்க மறந்தால்

அன்பு மக்கா அஜின்,

நீ அனுப்பிய நோட்டுப் பக்கங்களைப் பார்த்தேன். வாளோடு ஒரு வீரன், எட்டு உலகங்கள், உலகத்துக்கு ஒரு ராட்சசன். வரைந்தது நன்றாகவே இருக்கிறது, கேட்டியா. ஆனால் விளையாட்டு எங்கே என்று தேடினேன், அகப்படவில்லை.

கோபப்படாதே. காலேஜில் படிக்கும்போது நானும் இப்படித்தான் மூன்று மாதம் ஒரு வீரனை வரைந்தேன். மீசைக்கே ஒரு வாரம் போயிற்று. கடைசியில் அவனைக் குதிக்க வைத்தபோது, குதித்தவன் தரையில் நிற்காமல் திரைக்குக் கீழே போய்க்கொண்டே இருந்தான். தரை என்று ஒன்று இருப்பதை நான் கம்ப்யூட்டருக்குச் சொல்லவே இல்லை. அதோடு அவனை விட்டுவிட்டேன்.

இந்த வாரம் கம்ப்யூட்டரைத் தொடாதே. பாட்டா வீட்டுத் திண்ணையில் கரிக்கட்டையால் ஆடுபுலி ஆட்டக் கட்டத்தை வரை. 23 சந்திகள். புலிக்கு மூன்று புளியங்கொட்டை, ஆட்டுக்குப் 15 சின்னக் கல். தங்கச்சியோடு இரண்டு ஆட்டம் ஆடு. அப்புறம் ஆடுகளைப் பத்தாகக் குறைத்து ஆடிப் பார். மூன்று புலியையும் மடக்க ஆள் போதாது. புலிக்காரருக்குக் கொட்டாவி வந்துவிடும். இருபதாக்கினால்? 20-ம் 3-ம் 23. ஒன்றும் வெட்டுப்படாவிட்டால் கட்டம் நிரம்பி, யாரும் எங்கும் நகர முடியாது. 15 என்ற எண்ணை யாரோ, எந்தத் திண்ணையிலோ, இப்படிக் கூட்டியும் குறைத்தும்தான் கண்டுபிடித்திருக்க வேண்டும். கேம் செய்கிறவனுக்குப் பாதி வேலை இதுதான். ஓர் எண்ணை மாற்றுவது, ஆடுகிறவர் முகத்தைப் பார்ப்பது.

அடுத்து, வீரனும் ராட்சசனும் எதற்கு? கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு, 2023-இல் ‘வெண்பா’ என்றொரு கேமை வெளியிட்டது. 1980-களின் கடைசியில் கனடாவுக்குக் குடிபோன ஒரு தமிழ்க் குடும்பம், அம்மா கொடுத்த சமையல் குறிப்பேடு, அதில் கிழிந்தும் அழிந்தும் போன வரிகள். விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லி வருகிறது, நம் குழல் புட்டும் வருகிறது. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும் அந்தக் கேமுக்கு, 2024-இல் முதல் படைப்புக்கான பாஃப்டா விருது கிடைத்தது. புட்டுக்குழலில் கேம் இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொன்னால் சிரிப்பாள்.

உன் வீட்டில் புட்டுக்குழலைவிட நல்ல சரக்கு இருக்கிறது. பின்னால் ரப்பர் விளையில் அப்பா வைத்திருக்கும் தேனீப் பெட்டிகளைச் சொல்கிறேன். (1920-களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ. மையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்த காலத்திலிருந்து ஊருக்கே இது பழக்கம்.) ரப்பர் இலை உதிர்ந்து புதுத் தளிர் விடும்போது, பூவில் அல்ல, இலைக்காம்பின் நுனியில் இனிப்பு சுரக்கும். ஈக்கள் அதைத்தான் உறிஞ்சும். மாசி, பங்குனியில் தேன் எடுப்பு. மழை தொடங்கினால் வெளியே தீனி கிடையாது. சீனிப்பாகு வைத்துக் காப்பாற்ற வேண்டும். வைக்காவிட்டால் கூட்டம் ஒருநாள் பெட்டியைக் காலி செய்துவிட்டுப் போய்விடும்.

இதில் விதி முழுதும் இருக்கிறது. ஒரே பெட்டி, 12 மாதம். திரையில் இரண்டு எண்: ஈ எத்தனை, தேன் எத்தனை. மூன்று பொத்தான்: தேன் எடு, பாகு வை, சும்மா இரு. பங்குனியில் ஒரு சொட்டு விடாமல் வழித்தெடுத்த பேராசைக்காரன் ஆடியில் என்ன ஆகிறான் என்பதுதான் கேம். முதலில் தாளில் எழுதி, தாயக்கட்டை உருட்டி ஆடு. தாயம் விழுந்தால் அந்த மாதம் அடைமழை என்று வைத்துக்கொள்.

தாளில் ஆட ருசியாக இருந்தால் கோடோவை இறக்கிக்கொள். அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் உருவாக்கி, 2014-இல் எல்லாருக்கும் திறந்துவிட்ட மென்பொருள், காசு கிடையாது. புது ப்ராஜெக்ட் தொடங்கும்போது ரெண்டரர் எது என்று கேட்கும். உன் பழைய லேப்டாப்புக்கு ‘கம்பாட்டிபிலிட்டி’ என்பதைத் தேர்ந்தெடு. நான்காம் பதிப்பையே எடு. மூன்றாம் பதிப்பில் தமிழ் எழுத்து ஒழுங்காகச் சேராது, ‘தேன்’ என்று எழுதினால் கொம்பு இடம் மாறி நிற்கும். நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவையும் சேர்த்துவிடு. முதல் நாள் ஒரு பொத்தான் போதும்: அழுத்தினால் தேன் ஒன்று கூட வேண்டும். அது நடந்த அன்றைக்கு நீ கட்டாயம் எனக்குப் போன் பண்ணுவாய். பெட்டிக்கு வெறும் சதுரம் போடு. ஈ பறக்கும் படமெல்லாம் கடைசியில்.

பிழைச் செய்தி சிவப்பில் வரும். பயப்படாமல் எத்தனையாவது வரி என்று பார்; பெரும்பாலும் அந்த வரியிலோ அதற்கு முந்தைய வரியிலோதான் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போயிருக்கும்.

முடிந்ததும் அப்பாவிடம் கொடு. ஆடும்போது பக்கத்தில் உட்கார், வாயைத் திறக்காதே. இதுதான் உள்ளதிலேயே கஷ்டம். “இதை அழுத்துங்க அப்பா” என்று நாக்கு நுனிவரை வரும். அவர் எங்கே திகைக்கிறாரோ அங்கே நோட்டில் ஒரு புள்ளி வை. “ஐப்பசி மழையில இவ்வளவு தேனா? எந்த ஊர் பெட்டிடே இது?” என்று அவர் கேட்டால் எண்ணைத் திருத்து. அவரைவிட நல்ல சோதனைக்காரர் உனக்குக் கிடைக்கமாட்டார்.

கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வருகிறேன். எனக்கும் ஓர் ஆட்டம் வை. ஆடி மாதத்தில் பாகு வைக்க மறந்ததுபோல் இருந்து பார்க்கப்போகிறேன். நீ பேசாமல் இருக்க வேண்டும்.

அன்புடன்,
மாமா