இலக்கத் தகட்டில் ஒரு வசனம்

எமது கார்களின் இலக்கத் தகட்டில் 1978 முதல் ‘எனக்கு நினைவிருக்கிறது’ என்று பிரெஞ்சில் எழுதியிருக்கிறது. எதை நினைக்கிறார்கள் என்று பிள்ளைகள் கேட்டால் எம்மிற் பலர் விழிக்கிறோம்.

1608 இல் சாம்பிளேன் என்ற பிரெஞ்சுக்காரர் கியூபெக் நகரை நிறுவினார். 1759 இல் ஆபிரகாம் சமவெளியில், ஒரு மணித்தியாலமும் நீடிக்காத சண்டையில் பிரித்தானியர் வென்றனர். 1763 பாரிஸ் உடன்படிக்கையோடு நாடு கைமாறியது. ஆனாலும் 1774 ஆம் ஆண்டுக் கியூபெக் சட்டம் தோற்றவர்களின் கத்தோலிக்க சமயத்துக்கும் குடியியற் சட்டத்துக்கும் இடமளித்தது.

மொழிப் பிரச்சினை மட்டும் ஓயவில்லை. மொன்ட்ரியால்-நோரில் நாம் பஸ்ஸுக்கு நிற்கும் ஆன்றி-பூறாசா வீதி, 1910 இல் ‘லு துவ்வார்’ பத்திரிகையைத் தொடங்கியவரின் பெயரைத் தாங்குகிறது. 1912 இல் ஒன்ராறியோ மாகாணம் பிரெஞ்சுவழிக் கல்வியை முதலிரு வகுப்புகளோடு மட்டுப்படுத்தியபோது அவர் கடுமையாக எதிர்த்தார். 1956 தனிச் சிங்களச் சட்டத்தை அறிந்த எமக்கு இது விளங்காத கதையல்ல.

1977 இல் கியூபெக்கில் வந்த 101 ஆம் சட்டத்தினாலேயே எமது பிள்ளைகளிற் பெரும்பாலானோர் பிரெஞ்சுப் பாடசாலைக்குப் போகிறார்கள். ஆங்கிலம் வராதே என்று ரொறன்ரோ உறவினர் கவலைப்படுகிறார்கள். (அது எப்படியோ வந்துவிடுகிறது, எமது கவலை தமிழைப் பற்றியது.) பாடசாலையிலிருந்து வரும் கடிதத்தை எட்டு வயதுப் பிள்ளைதான் எமக்கு வாசித்து விளக்குகிறது, அதுவும் பாதி பிரெஞ்சிலேயே.