இடது காலுக்கு வாரண்டி கிடையாது

“மேனுவல் கியர்னா உழைக்கும்ணா. ஆட்டோமேட்டிக்னா என்னைக்காவது ஒரு நாள் லட்ச ரூபா பில்லு வரும்.”

தருமபுரிப் பக்கம் வேகமான டர்போ கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் பார்க்கப் போகிறவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை இது. இதில் பாதி உண்மை இருக்கிறது. அதனால்தான் இத்தனை வருடமாகச் செல்லுபடியாகிறது. மேனுவல் கியர்பாக்ஸைத் திறந்தால் உள்ளே பல்சக்கரங்கள், ஷாஃப்ட்டுகள், பேரிங்குகள், கியர் விழும்போது இரண்டு பக்க வேகத்தையும் சமன்செய்யும் சிங்க்ரோ வளையங்கள், முங்கும் அளவுக்கு எண்ணெய். அவ்வளவுதான். வால்வு பாடி இல்லை, கம்ப்யூட்டர் இல்லை. ஒழுங்காக ஓட்டுகிறவரிடம் அந்தப் பெட்டி காரின் ஆயுள் முழுக்கத் திறக்கப்படாமலேயே போய்ச் சேரும்.

மீதிப் பாதியில்தான் வில்லங்கம். அந்தப் பெட்டிக்கும் இன்ஜினுக்கும் நடுவில் கிளட்ச் இருக்கிறது. அது தேய்வதற்கென்றே செய்யப்பட்ட பொருள். எவ்வளவு சீக்கிரம் தேயும் என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் ஓட்டுகிறவரின் இடது கால். ஒகேனக்கலில் மீன் சாப்பிட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பென்னாகரத்தை நோக்கி மலையேறும் கார் வரிசையைக் கவனித்துப் பாருங்கள். வளைவில் பஸ் ஒன்று திணறி நிற்கும். பின்னால் இருப்பவர் ஹேண்ட் பிரேக்கைத் தொடமாட்டார். ஆஃப் கிளட்ச்சிலேயே வண்டியை மேட்டில் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பார். சற்று நேரத்தில் கருகல் வாடை வரும். பிளேட்டின் லைனிங் வேகும் வாடை அது. ஊர் திரும்பியதும் அவர் சொல்வது: “இந்தக் கம்பெனி கிளட்ச்சே சரியில்லைங்க.”

சாதாரணக் காரில் கிளட்ச் பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் மாற்றினால் வேலை முடியும். டார்க் அதிகமுள்ள கார்கள் பலவற்றில் ஃப்ளைவீலே இரண்டு துண்டாக, நடுவே ஸ்பிரிங் வைத்து வருகிறது. டூயல் மாஸ் ஃப்ளைவீல் என்பார்கள். இன்ஜின் அதிர்வை விழுங்குவது அதன் வேலை. தேய்ந்த கிளட்ச்சோடு பிடிவாதமாக ஓட்டினால் அந்தச் சூட்டில் இதுவும் சேர்ந்து போகும். ஆட்டோமேட்டிக்குக்குப் பயந்தவர் பார்க்காத பில் அது.

உறுதி என்ற பேச்சு வந்தால், ஷோரூம் பிரோஷரின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் ஒரு வரியையும் படிக்க வேண்டும். இன்னோவா கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் டீசல் மேனுவலில் 343 நியூட்டன் மீட்டர் டார்க் தந்தது. ஆட்டோமேட்டிக்கும் விற்ற காலத்தில் அதே இன்ஜினுக்கு 360. மஹிந்திரா ஸ்கார்ப்பியோ என் டீசலில் மேனுவலுக்கு 370, ஆட்டோமேட்டிக்குக்கு 400. எக்ஸ்யூவி 700 டீசலில் 420, 450. இது நம் ஊர் வழக்கம் மட்டுமல்ல. 2025 மாடல் பிஎம்டபிள்யூ எம்2 காரில் ஆட்டோமேட்டிக் வாங்கினால் 600, மேனுவல் வாங்கினால் 550. இன்ஜினை அடக்கி வாசிக்கச் சொல்லியிருப்பது எந்தப் பெட்டிக்காக என்று பாருங்கள். ஆட்டோமேட்டிக்கில் கியர் மாறும் நொடியில் கம்ப்யூட்டர் டார்க்கைக் குறைத்து, பிறகு ஏற்றும். மேனுவலில் யாரோ ஒருவர் 5,000 சுற்றில் கிளட்ச்சிலிருந்து காலைப் பட்டென்று எடுப்பார். அந்த அடியையும் பெட்டி தாங்க வேண்டும். எல்லாக் காரிலும் இப்படி என்றும் சொல்லிவிட முடியாது. ஹூண்டாய் வெர்னா டர்போவில் இரண்டு வகைக்கும் 253தான்.

ரீமேப் செய்கிறவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள். லேப்டாப்பைச் செருகி இன்ஜின் மென்பொருளை மாற்றினால் டர்போ காரில் டார்க் கணிசமாக ஏறும். கிளட்ச் மட்டும் பழைய கிளட்ச். தெரிந்துகொள்ள லிஃப்ட்டில் ஏற்ற வேண்டியதில்லை. சேலத்திலிருந்து வரும்போது தொப்பூர் ஏற்றமே சொல்லிவிடும். முன்னால் சாலை காலியாக இருக்கும்போது மேல் கியரில் 2,500 சுற்றிலிருந்து ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தால் முள் சரசரவென்று மேலே போகும், வேகம் போகாது. “ஸ்லிப் அடிக்குது” என்று மெக்கானிக் சொல்வது இதைத்தான். பெட்டிக்குள் ஒரு பல்கூடத் தேயாமலிருக்கலாம். வண்டி மட்டும் நகராது.

ஆட்டோமேட்டிக் மேல் பயம் வந்ததற்கும் காரணம் இல்லாமல் இல்லை. வோக்ஸ்வாகன் குழுமத்தின் ஏழு கியர் உலர் கிளட்ச் டிஎஸ்ஜி பெட்டி, அதாவது டிகியூ 200, பல நாடுகளில் உரிமையாளர்களைப் படாதபாடு படுத்தியது. 2013-ல் சீனாவில் மட்டும் 3,80,000-க்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைக்க வேண்டியிருந்தது. ஆனால் அது ஒரு வகை. நாம் ஆட்டோமேட்டிக் என்று ஒரே மூட்டையில் கட்டுவதில் நான்கு வெவ்வேறு இயந்திரங்கள் இருக்கின்றன. ஏஎம்டி என்பது சாதாரண மேனுவல் பெட்டிதான். கிளட்ச்சை மிதிக்கும் காலுக்குப் பதிலாக மோட்டாரோ ஹைட்ராலிக்கோ இருக்கும். சிவிடி-யில் புல்லியும் பெல்ட்டும். டிஎஸ்ஜி போன்ற டூயல் கிளட்ச்சில் இரண்டு கிளட்ச், அடுத்த கியர் முன்கூட்டியே தயாராக இருக்கும். டார்க் கன்வெர்ட்டரில் எண்ணெய் வழியாகவே விசை கடக்கும். நெரிசலில் ஊர்ந்தாலும் தேய்ந்துபோக அங்கே பிளேட் உராய்வதில்லை. எம்2-வில் 600-ஐத் தாங்குவது இந்தக் கடைசி வகை. டிகியூ 200-ன் பாவத்தை அதன் தலையில் ஏற்றுவது நியாயமில்லை.

“ரேஸ் ஓட்டுறவன் மேனுவல்தான் ஓட்டுவான்”

ஃபார்முலா ஒன்னில் இந்தக் கதை 1989-லேயே முடிவுக்கு வரத் தொடங்கியது. அந்த ஆண்டு பிரேசில் கிராண்ட் பிரீயில் நைஜல் மான்செல் ஜெயித்த ஃபெராரி 640-ல் கியர் லீவர் கிடையாது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இரண்டு துடுப்புகள். ஜான் பர்னார்ட் வடிவமைத்த அந்தப் பெட்டி சோதனை ஓட்டங்களில் அடிக்கடி மக்கர் செய்தது. முதல் பந்தயத்திலேயே ஜெயித்தது பலருக்கும் ஆச்சரியம். சில வருடங்களில் மற்ற அணிகளும் அந்த வழிக்கு வந்துவிட்டன. 2005-ல் கோயம்புத்தூர்க்காரர் நரேன் கார்த்திகேயன் ஃபார்முலா ஒன்னில் ஜோர்டன் காரில் உட்கார்ந்தபோது இடது காலால் மிதிக்கக் கிளட்ச் பெடல் இல்லை. பெடலும் லீவருமாகப் பழக நம் ஊரில் ஃபார்முலா மாருதி போன்ற கார்கள் இருந்தன. அவற்றை உருவாக்கிய கரிவரதனின் பெயரில்தான் கோயம்புத்தூர் செட்டிப்பாளையத்து ரேஸ் டிராக் இருக்கிறது.

சாலைக் கார்களிலும் கதை இதுதான். 2023-ல் வந்த எம்2, பூஜ்யத்திலிருந்து 100 கிலோமீட்டருக்குப் போக ஆட்டோமேட்டிக்கில் 4.1 நொடி, மேனுவலில் 4.3 நொடி என்றது பிஎம்டபிள்யூ. அந்த 4.3-ஐ வாங்கியவரெல்லாம் எடுத்துவிட முடியாது. போர்ஷே 2013-ல் தன் 911 ஜிடி3-யை டூயல் கிளட்ச்சில் மட்டுமே விற்றது. வாடிக்கையாளர்கள் புலம்பியதால் 2017-ல் மேனுவலைத் திரும்பக் கொண்டுவந்தது. வேகத்துக்காக அல்ல, சுவைக்காக. நம் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் ஹூண்டாய் ஐ20 என் லைனும் அப்படித்தான்: 2021-ல் கிளட்ச் பெடல் இல்லாத ஐஎம்டி-யோடு வந்தது, 2023-ல் அதை எடுத்துவிட்டு முறையான ஆறு கியர் மேனுவலை வைத்தார்கள். கியரைத் தானே போட்டு ஓட்டுவதில் ஒரு சுகம் இருக்கிறது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. சுகத்துக்கு லேப் டைம் என்று பெயர் வைக்காமல் இருந்தால் போதும்.

“ரெவ் லிமிட்டர் இருக்குதுல்ல, ஒன்னும் ஆகாது”

வேகமான மேனுவல் காருக்கு வரக்கூடிய மிக மோசமான சாவு இந்த நம்பிக்கையில்தான் ஒளிந்திருக்கிறது. ரெவ் லிமிட்டர் செய்வது, குறிப்பிட்ட சுற்றைத் தாண்டினால் எரிபொருளையோ ஸ்பார்க்கையோ நிறுத்துவது. ஆக்சிலரேட்டரை மிதித்து இன்ஜினை அலறவிடுகிறவரிடமிருந்து அது காப்பாற்றும். சக்கரம் இன்ஜினைச் சுழற்றினால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு காரில் இரண்டாம் கியரில் 6,500 சுற்றுக்கு வேகம் 90 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாற்கரச் சாலையில் 130-ல் ஐந்தாம் கியரில் போகிறவர், முன்னால் லாரி திடீரென்று வலது லேனுக்கு வர, அவசரத்தில் நாலுக்கு இறக்குவதாக நினைத்து லீவரைச் சற்று இடதுபக்கம் இழுத்துவிடுகிறார். லீவர் இரண்டில் விழுகிறது. (130-ல் போயிருக்கவே கூடாது, அது வேறு விஷயம்.) கிளட்ச்சை விட்ட நொடியில் இன்ஜின் சுற்று 9,400-க்குத் தாவும். எரிபொருள் சொட்டுக்கூட உள்ளே போகவில்லை. ஆனாலும் வால்வுகள் மூட நேரமில்லாமல் பிஸ்டன் தலையில் இடிக்கும். வெளிநாட்டு ரேஸ்காரர்கள் இந்தத் தப்புக்குப் பணத்தைச் சேர்த்துத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். ஆட்டோமேட்டிக்கில் துடுப்பை எத்தனை தரம் தட்டினாலும் கம்ப்யூட்டர் அந்தக் கியரைத் தராது. கியர்பாக்ஸ் உடையவில்லை, இன்ஜின்தான் போனது என்பதால் இந்தச் செலவு மேனுவலின் கணக்கில் எழுதப்படுவதேயில்லை.

“இறக்கத்துல நியூட்ரல் போட்டா எண்ணெய் மிச்சம்”

தருமபுரி மாவட்டத்தில் இந்த ஒரு நம்பிக்கையைப் பற்றி மட்டும் எழுதியிருந்தாலும் போதும். தேசிய நெடுஞ்சாலை 44-ல் தருமபுரியிலிருந்து சேலம் நோக்கிப் போகிறவர்களுக்குத் தொப்பூர் கணவாய் முழுக்க இறக்கம், அதுவும் வளைவுகளோடு. இரட்டைப் பாலம் என்ற பெயரைச் செய்தித்தாளில் படிக்காத தருமபுரிக்காரர் இருக்க மாட்டார். 2020 டிசம்பர் 12-ல் சிமெண்ட் லாரி ஒன்று கட்டுப்பாட்டை இழந்து பத்துக்கும் மேற்பட்ட வாகனங்களை நசுக்கியதில் நான்கு பேர் இறந்தார்கள். 2024 ஜனவரி 24-ல் லாரிகளுக்கு நடுவே கார் சிக்கி மீண்டும் நான்கு பேர். ஒவ்வொரு விபத்துக்கும் நியூட்ரல்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. சாலையின் அமைப்பே கோளாறு என்பதால்தான் உயர்மட்டச் சாலைத் திட்டம் வகுக்கப்பட்டது. ஆனால் “கியரில் இறங்குங்கள்” என்று போலீஸார் ஓட்டுநர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டியிருக்கிறது என்பதே இந்தப் பழக்கம் எவ்வளவு ஊறியிருக்கிறது என்பதைக் காட்டுகிறது.

மிச்சக் கணக்கை முதலில் பார்ப்போம். இன்றைய பெட்ரோல், டீசல் இன்ஜின்களில், கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் இன்ஜெக்டர்கள் எரிபொருளை அடியோடு நிறுத்திவிடும். சக்கரமே இன்ஜினைச் சுழற்றிக்கொண்டிருக்கும், செலவு சுழி. நியூட்ரலுக்குத் தள்ளினால் இன்ஜின் அணையாமல் இருக்கத் தானே எண்ணெய் குடித்தாக வேண்டும். மிச்சம் பிடிக்கப் போனவர் அங்கேதான் செலவு செய்கிறார். பிரேக்கே தேவைப்படாத லேசான சரிவில் உருண்டு போவது சிக்கனம் என்பது உண்மைதான். போர்ஷேயின் டூயல் கிளட்ச் பெட்டி அப்படிப்பட்ட இடங்களில் தானாகவே இன்ஜினைக் கழற்றிவிடும். தொப்பூர் அந்த மாதிரிச் சரிவு இல்லை. அங்கே பிரேக் பிடித்துத்தான் ஆக வேண்டும், பிடிக்கும் பிரேக் எல்லாம் சூடு.

எவ்வளவு சூடு? 25 டன் எடையுள்ள லாரி 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளியாகும் ஆற்றலைக் கொண்டு 75 லிட்டருக்கும் மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கலாம். கியரில் இருந்தால் அதில் ஒரு பங்கை இன்ஜினும் எக்ஸாஸ்ட் பிரேக்கும் எடுத்துக்கொள்ளும். நியூட்ரலில் அத்தனையும் பிரேக் டிரம்முக்குள் போகிறது. லைனிங் பிடிப்பை இழக்கும். பயத்தில் மிதித்து மிதித்து விட்டால் ஏர் டேங்கில் காற்று இறங்கிவிடும். அந்த நேரத்தில் கியருக்குள் போடலாம் என்றால், வேகம் ஏறிவிட்ட லாரியில் கீழ் கியர் விழாது. பெட்டி உறுமும், லீவர் உதறும், அவ்வளவுதான்.

கார்க்காரர்கள் இது லாரிக் கதை என்று நினைக்க வேண்டாம். கார் பிரேக்கில் இருப்பது திரவம். டாட் 4 வகைக்குப் புதிதாக இருக்கும்போது குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் குடித்துவிட்டால் அது 155 வரை இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சுபோலத் தரைவரை போகும். சின்ன டர்போ இன்ஜின் உள்ள கார்களில் இன்னொரு குறையும் உண்டு: ஒரு லிட்டர் இன்ஜின் இறக்கத்தில் வண்டியைப் பெரிதாக இழுத்துப் பிடிக்காது, மேல் கியரில் இருந்தால் இல்லவே இல்லை என்றே சொல்லலாம். இன்ஜினையே அணைத்துவிட்டு உருளும் மகானுபாவர்களும் உண்டு. பிரேக் பூஸ்டருக்கு வேக்யூம் கிடைக்காமல் போகும், பவர் ஸ்டீயரிங் போகும், சாவியை முழுக்கத் திருப்பினால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும்.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் ‘டி’-யிலேயே விட்டால் பெட்டி சிக்கனம் பார்த்து மேல் கியருக்குப் போய்விடும். இந்த இடத்தில் மேனுவல்காரருக்கு ஒரு நன்மை உண்டு, போட்ட கியர் போட்டபடி இருக்கும். ‘எஸ்’ அல்லது ‘எல்’ இருந்தால் அதில் போடுங்கள். மைனஸ் குறியோ துடுப்போ இருந்தால் மூன்றுக்கு இறக்குங்கள். மலையில் ஏற எந்தக் கியர் வேண்டுமோ அதே கியரில் இறங்கு என்பது பழைய லாரிக்காரர்கள் கிளீனருக்குச் சொல்லிக்கொடுத்த கணக்கு. காருக்கும் அதில் மாற்றமில்லை.

கியர் எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. “ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்” என்று சர்வீஸ் புத்தகத்தில் இருந்தாலும், மலைச்சாலையில் விரட்டி ஓட்டப்படும் காரில் மாற்றுவது நல்லது. மேனுவல் பெட்டியில் இது மலிவான வேலை. ஆட்டோமேட்டிக்கில் அந்தந்தப் பெட்டிக்கென்று சொல்லப்பட்ட எண்ணெய்தான் ஊற்ற வேண்டும். ‘எல்லாத்துக்கும் ஒத்துவரும்’ டப்பா வேண்டாம்.

பெங்களூருவிலிருந்து வருகிறவர்கள் பாளையம் சுங்கச்சாவடியில் எப்படியும் வேகத்தைக் குறைத்தாக வேண்டும். அங்கிருந்து கிளம்பியதும் ஐந்துக்குப் போகாமல் மூன்றிலேயே வைத்துக்கொண்டு, இடது காலைப் பெடலிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிடுங்கள். தொப்பூர் தாண்டும் வரை அதற்கு அங்கே வேலை இல்லை.